பெறுபேறு வந்துவிட்டது, பிள்ளையை எங்கே அனுப்பப் போகிறோம்?

(சாதாரண தரப் பெறுபேறு கிடைத்த பிள்ளைகளின் பெற்றோருக்காகத் தோட்டக் கமிட்டி கூட்டிய கூட்டத்தில், 2021 ஒக்டோபரில் ஆற்றிய உரை)



சங்கம் கூட்டம் கூப்பிட்டால் சம்பளத்தைப் பற்றியோ கொழுந்து நிறையைப் பற்றியோ பேசத்தான் கூப்பிடும் என்று நினைத்து வந்திருப்பீர்கள். இன்றைக்குப் பேசப்போவதும் சம்பளம்தான். இன்னும் பத்து வருடத்துக்குப் பிறகு உங்கள் வீட்டுக்கு வரப்போகும் சம்பளம். அது எவ்வளவு என்பது இந்த மாதம் உங்கள் வீட்டில் எடுக்கும் முடிவில் பெரும்பாலும் தங்கியிருக்கிறது.

இந்தப் பிள்ளைகள் பட்ட பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச் நடுப்பகுதியில் பாடசாலைகளை மூடினார்கள். அதன் பிறகு திறப்பதும் மூடுவதுமாகவே காலம் போனது. 2020 டிசெம்பரில் எழுத வேண்டிய பரீட்சையை 2021 மார்ச்சில்தான் எழுதினார்கள். பெறுபேறு வந்தது செப்டெம்பர் 23ஆம் திகதி. பரீட்சை எழுதி ஆறு மாதத்துக்கு மேல் காத்திருந்தார்கள். அதிலும் சங்கீதம், நடனம் போன்ற அழகியற் பாடங்களுக்குச் செயன்முறைப் பரீட்சை நடக்காததால் அந்தப் பாடங்களின் பெறுபேறு இல்லாமலேயே மிச்சத்தை வெளியிட்டிருக்கிறார்கள்.

அந்த ஆறு மாதத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். சில பையன்கள் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனார்கள். ஊரடங்கில் கடை மூடியதும் திரும்பி வந்தார்கள், இப்போது திரும்பவும் போகப் பார்க்கிறார்கள். சில பெண் பிள்ளைகள் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு இருந்துவிட்டார்கள். கையில் கொஞ்சம் காசைக் கண்ட பிள்ளைக்குப் புத்தகத்தைத் தூக்க மனம் வராது. அது பிள்ளையின் குற்றமில்லை. ஆனால் காத்திருந்த காலம் தானாகவே ஒரு முடிவை எடுத்துவிடுவதற்கு நாம் இடம் கொடுக்கக் கூடாது. முடிவைக் குடும்பம் எடுக்க வேண்டும். பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்து எடுக்க வேண்டும். நான் இன்று சொல்ல வந்தது இதுதான்.

வீட்டுக் கணக்கு

நிலைமை தெரியாமல் டீச்சர் பேசுகிறார் என்று யாரும் நினைக்க வேண்டாம். மார்ச் மாதம் ஆயிரம் ரூபா சம்பளம் வர்த்தமானியில் வந்தது. அது வந்த கையோடு பல தோட்டங்களில் கிலோவைக் கூட்டினார்கள், வேலை நாளைக் குறைத்தார்கள். கிலோ குறைந்தால் அரைப் பேர். மாதம் 20 நாள் முழுப் பேர் விழுந்தால்கூட 20,000 ரூபா. சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 1,600 ரூபா போனால் 18,400. கடைப் பற்று, முற்பணம், கோயில், சந்தா எல்லாம் கழிந்த பிறகு செக்ரோல் சீட்டில் என்ன மிஞ்சும் என்பதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்த நிலைமையில், "பிள்ளையை இனியும் ரெண்டு வருசம் எப்படிப் படிக்க வைக்கிறது?" என்ற கேள்வி நியாயமானது. அந்தக் கேள்வியைப் பயத்தோடு விட்டுவிடாமல் கணக்காகப் போட்டுப் பாருங்கள். ஒரு கொப்பியை எடுத்து, பாடசாலைக்குப் பஸ் காசு எவ்வளவு, மாதத்தில் எத்தனை நாள், டியூஷன் உண்டா, எத்தனை பாடத்துக்கு, போனுக்கு டேட்டா எவ்வளவு என்று எழுதுங்கள். போகவர நாளுக்கு 100 ரூபா பஸ் என்றால் 20 நாளுக்கு 2,000. எழுதிப் பார்த்தால்தான் எது உண்மையிலேயே முடியாது, எது சிரமப்பட்டால் முடியும் என்று தெரியும். மனதுக்குள் வைத்திருக்கும் கணக்கு எப்போதும் பெரிதாகத்தான் தெரியும்.

மறுபக்கத்துக் கணக்கையும் எழுதுங்கள். கொழும்புக் கடைக்குப் போகும் பிள்ளைக்கு என்ன கொடுக்கிறார்கள்? அதில் அவன் சாப்பாடு, போக்குவரத்து, போன் செலவு போக வீட்டுக்கு எவ்வளவு வருகிறது? சேமலாப நிதி கட்டுகிறார்களா? சுகமில்லாமல் படுத்தால் யார் பார்ப்பது? பெண் பிள்ளைகளை வீட்டு வேலைக்கு அனுப்புவதைப் பற்றி நான் அதிகம் பேசப் போவதில்லை. கடந்த ஜூலை மாதம், கொழும்பில் வீட்டு வேலைக்குப் போயிருந்த நம் மலையகப் பிள்ளை ஒருத்தி தீக்காயங்களோடு இறந்து போனதை நாடே பார்த்தது. அந்தத் தாயின் அழுகையைக் கேட்ட பிறகும் தரகர் வந்து லயத்து வாசலில் நின்றால், அவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும்.

பெறுபேற்றுத் தாளை வாசிப்பது எப்படி

"பிள்ளை பாஸா, பெயிலா?" என்று கேட்டுவிட்டுத் தாளை மடித்து வைத்துவிடுகிறோம். அந்தத் தாளில் அதைவிட அதிகமான செய்தி இருக்கிறது.

உயர்தரம் படிக்கப் பொதுவாகக் கேட்பது ஆறு பாடங்களில் சித்தி, அவற்றில் மூன்றில் திறமைச் சித்தி. அதோடு எந்தப் பாடத்தில் என்ன பெறுபேறு என்பதையும் பாருங்கள். விஞ்ஞானத்திலும் கணிதத்திலும் நல்ல பெறுபேறு இருந்தால் விஞ்ஞானப் பிரிவு, கணிதப் பிரிவு, தொழில்நுட்பப் பிரிவு எல்லாவற்றையும் யோசிக்கலாம். ஒவ்வொரு பிரிவுக்கும் என்ன கேட்கிறார்கள் என்பதை அதிபரிடம் போய்த் தெளிவாகக் கேளுங்கள். ஐந்து பாடம் சித்தி, ஆறாவது அழகியற் பாடம், அதன் பெறுபேறு இன்னும் வரவில்லை என்ற நிலையில் உள்ள பிள்ளைகள் நம் தோட்டங்களிலும் இருப்பார்கள். அப்படிப்பட்ட பிள்ளையை "பெயில்" என்று சொல்லி வீட்டில் உட்கார வைக்காதீர்கள். அதிபரிடம் கூட்டிப் போங்கள்.

ஒரு பாடத்தில் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக வந்திருந்தால் மீள் பரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாம். கணிதம் போய்விட்டால் அடுத்த பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பிக்கலாம். ஒரு பாடம் போனதற்காக மற்ற எட்டுப் பாடத்தையும் சேர்த்துக் குப்பையில் போட வேண்டியதில்லை.

எந்தப் பாடசாலை, எந்தப் பிரிவு?

நம் பக்கத்தில் பெரிய சிக்கல் இதுதான். தோட்டத்துக்குப் பக்கத்தில் உள்ள பாடசாலையில் உயர்தரம் இருந்தால் அது பெரும்பாலும் கலைப்பிரிவு. சில இடங்களில் வர்த்தகமும் இருக்கும். தமிழில் விஞ்ஞானமும் கணிதமும் படிக்க ஹட்டன், நுவரெலியா, பதுளை, கண்டி என்று ரவுனுக்குப் போக வேண்டும். அதனால் விஞ்ஞானத்தில் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளையும் "பக்கத்தில் இருக்கிறது" என்ற ஒரே காரணத்துக்காகக் கலைப்பிரிவில் சேர்கிறது.

கலைப்பிரிவு குறைந்த படிப்பு இல்லை. எத்தனையோ ஆசிரியர்கள், சட்டத்தரணிகள், நிர்வாக அதிகாரிகள் அந்த வழியாக வந்தவர்கள்தான். ஆனால் பிள்ளை விரும்பி எடுத்த கலைப்பிரிவும், பஸ் காசுக்காக எடுத்த கலைப்பிரிவும் ஒன்றாகாது. ஒரு பெண் பிள்ளை தாதியாக வரவேண்டும் என்கிறாள் என்று வையுங்கள். தாதியர் பயிற்சிக்கு விஞ்ஞான, கணிதப் பிரிவுச் சித்தியைத்தான் கேட்கிறார்கள். அதை இரண்டு வருடம் கழித்து வர்த்தமானியில் பார்த்து அழுவதைவிட இன்றைக்கே தெரிந்துகொள்வது நல்லது. ஆகவே பிரிவைத் தெரிவு செய்யும் முன்பு பிள்ளையிடம் "என்னவாக விரும்புகிறாய்?" என்று கேளுங்கள். பிறகு அந்த வேலைக்கு வாசலில் என்ன கேட்கிறார்கள் என்று தேடுங்கள். இந்த இரண்டு கேள்விக்கும் விடை தெரிந்த பிறகு பாடசாலையைத் தேடுங்கள்.

2013இலிருந்து தொழில்நுட்பப் பிரிவு என்று ஒன்றும் இருக்கிறது. பொறியியல் தொழில்நுட்பம், உயிர்முறைமைகள் தொழில்நுட்பம் என்று இரண்டு வகை. பல பெற்றோர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. எந்தப் பாடசாலையில் தமிழ்மொழியில் இருக்கிறது என்று வலயக் கல்விக் காரியாலயத்தில் விசாரிக்கலாம்.

பல்கலைக்கழக அனுமதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமையில் எடுக்கிறார்கள், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி மூன்றும் அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் உள்ளன, கண்டியும் மாத்தளையும் இல்லை. பிள்ளையை வேறு மாவட்டத்துப் பாடசாலையில் சேர்த்தால், பிறகு எந்த மாவட்டத்துப் பிள்ளையாகக் கணக்கெடுப்பார்கள் என்பது படித்த பாடசாலையையும் காலத்தையும் பார்த்து முடிவாகும். சேர்க்கும் முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெரிய ரவுனில் உள்ள பெரிய பெயர் கொண்ட கல்லூரி என்பதற்காக மட்டும் ஓடாதீர்கள்.

அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்குக் கட்டணம் கிடையாது. வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு மஹாபொல அல்லது வேறு நிதியுதவி உண்டு. ஆனால் உயர்தரத்தில் பல்கலைக்கழகத் தகுதி பெறும் பிள்ளைகளில் நாலைந்து பேருக்கு ஒருவருக்குத்தான் இடம் கிடைக்கிறது. அதனால் மற்ற வழிகளையும் முதலிலேயே தெரிந்து வைத்திருக்க வேண்டும். கொட்டகலைக்குப் பக்கத்தில் பத்தனையில் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது. உயர்தரப் பெறுபேற்றோடு வர்த்தமானி விண்ணப்பம் போட்டுத் தெரிவானால் மூன்று வருடத்தில் ஆசிரியர். விடுதியும் மாதக் கொடுப்பனவும் உண்டு. கண்டியிலும் பதுளையிலும் உயர் தொழில்நுட்ப நிறுவகங்கள் இருக்கின்றன. வேலை செய்துகொண்டே படிக்கத் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது.

உயர்தரம் போகாத பிள்ளைக்கு

ஆறு பாடம் வராத பிள்ளைக்கும், படிப்பில் மனம் இல்லாத பிள்ளைக்கும் வழி இருக்கிறது. 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தில், சாதாரண தரம் சித்தியடையாவிட்டாலும் தெரிவு செய்யப்பட்ட பாடசாலைகளில் தொழிற்பிரிவில் தொடரலாம். தொழில்நுட்பக் கல்லூரிகள் இருக்கின்றன. தொழிற்பயிற்சி அதிகாரசபை இருக்கிறது. வேலைத்தலத்திலேயே பழகுவதற்கு நைட்டா இருக்கிறது. மின் இணைப்பு, குழாய் வேலை, வாகனம் திருத்துதல், வெல்டிங், சமையல், தையல், கணினி என்று பல பயிற்சிகள் உண்டு.

இவற்றில் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி, முடிவில் என்.வி.கியூ சான்றிதழ் கிடைக்குமா, எத்தனையாம் மட்டம் என்பதுதான். மூன்றும் நான்கும் தொழில் சான்றிதழ். ஐந்தும் ஆறும் டிப்ளோமா. ஏழு பட்டத்துக்குச் சமம். இன்று வயரிங் பழகும் பிள்ளை படிப்படியாக ஏறிப் பட்டம் வரை போகலாம். கடையில் சாமான் தூக்கும் பிள்ளைக்கு அப்படி ஏறிப்போக வழி கிடையாது.

இரண்டாவது கேள்வி, எந்த மொழியில் படிப்பிக்கிறார்கள் என்பது. பல பயிற்சிகள் சிங்களத்தில்தான் நடக்கின்றன. விண்ணப்பிக்கும் முன்பே கேளுங்கள். தமிழில் இல்லை என்றால் அதைச் சங்கத்துக்கு அறிவியுங்கள். மலையகத்தில் தமிழ்மொழிப் பயிற்சி வேண்டும் என்று கேட்பதற்கு எத்தனை பிள்ளைகள் இதனால் திரும்பிப் போனார்கள் என்ற பட்டியல் எங்களுக்கு வேண்டும்.

மூன்றாவது, போனில் வரும் விளம்பரங்கள். "கம்பஸ்", "டிப்ளோமா", "வெளிநாட்டு வேலை உறுதி" என்று இந்தக் கொவிட் காலத்தில் புதுப்புது நிறுவனங்கள் வருகின்றன. நகையை அடகு வைத்துக் காசு கட்டும் முன்பு, அந்த நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்திருக்கிறதா என்று கேளுங்கள். பதிவிலக்கத்தைக் காட்டத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆசிரியர் போராட்டமும் ஒன்லைன் படிப்பும்

இங்கே வரும் வழியில் ஒரு தாய் கேட்டார்: "டீச்சர்மார் எல்லாம் போராட்டம் என்று படிப்பிக்காம இருக்கீங்க, எங்க பிள்ளைகள மட்டும் படிக்கச் சொல்றீங்களே?" கேட்க வேண்டிய கேள்வி. ஜூலை 12ஆம் திகதி முதல் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி ஆசிரியர்கள் ஒன்லைன் கற்பித்தலிலிருந்து விலகி நிற்கிறோம். உழைப்புக்கு உரிய கூலி கேட்பதன் நியாயத்தைத் தோட்டத் தொழிலாளிக்கு நான் விளக்கத் தேவையில்லை. அதே நேரம், அந்தத் தாயின் கவலையும் நியாயம்தான்.

ஆனால் போராட்டத்துக்கு முன்பும் நம் பிள்ளைகளுக்கு ஒன்லைன் படிப்பு எந்தளவு கிடைத்தது? வீட்டுக்கு ஒரு போன், அதுவும் தகப்பன் வேலைக்குப் போகும்போது சட்டைப் பையில். சிக்னலுக்காக மலை உச்சிக்கு ஏறிய பிள்ளைகளை நீங்களே பார்த்தீர்கள். ஒன்றரை வருடமாக வகுப்பறை இல்லாத பிள்ளையின் பெறுபேற்றை அதன் மூளைக்குக் கிடைத்த தீர்ப்பாக எடுக்காதீர்கள். அந்தப் பெறுபேற்றில் சிக்னல் இல்லாத மலையும், டேட்டா தீர்ந்த போனும் சேர்ந்திருக்கின்றன. வகுப்பறை திறந்த பிறகு ஒழுங்காகப் படித்தால் மேலே வரக்கூடிய பிள்ளைகள் இவர்களில் பலர். மாலை வகுப்பும் ஞாயிறு வகுப்பும் வைக்க நாங்கள் சில ஆசிரியர்கள் தயாராக இருக்கிறோம். இடத்தைத் தோட்டக் கமிட்டி ஒழுங்கு செய்து தர வேண்டும்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலையில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர் என்று இருந்தால் இப்போதே சரி செய்யுங்கள். நேர்முகத் தேர்வு நாளில் அதைச் சரி செய்ய முடியாது. பிள்ளையின் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு திறந்து வையுங்கள்.

கடிதம் நம் மக்களுக்கு ஒரு பெரிய பிரச்சினை. தோட்டத்து விலாசத்துக்கு வரும் கடிதம் ஒபிசில் கிடந்து, பிள்ளையின் கைக்கு வரும்போது நேர்முகத் தேர்வு முடிந்துவிடுகிறது. விண்ணப்பத்தில் கட்டாயம் ஒரு போன் இலக்கம் கொடுங்கள், அந்த இலக்கத்தை மாற்றாதீர்கள். தபால் நிலையத்தில் நேரில் கடிதம் எடுக்க வழி உண்டா என்று கேளுங்கள். கடிதம் தாமதமானால் திகதியோடு எழுதிக் கமிட்டியிடம் கொடுங்கள். ஒவ்வொரு தொழிலாளிக்கும் சொந்த விலாசம், வீட்டுக்கு நேரடியாகத் தபால் என்பது சங்கம் விடாமல் கேட்க வேண்டிய கோரிக்கை.

வீட்டில் ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு டீவியை நிறுத்திவிட்டு உட்காருங்கள். தாய், தகப்பன், பிள்ளை, வேலைக்குப் போகும் அண்ணன் அக்கா இருந்தால் அவர்களும். பிள்ளை முதலில் பேசட்டும். பாதியில் குறுக்கே பேச வேண்டாம். "பக்கத்து லயத்துப் பையன் என்ன படிக்கிறான்?" என்ற பேச்சும் வேண்டாம். பெண் பிள்ளைக்கும் ஆண் பிள்ளைக்கும் ஒரே கணக்கைப் போடுங்கள். "பொம்பளப் பிள்ளதானே, வீட்டோட இருக்கட்டும்" என்று சொல்லும் தாய், தான் எத்தனை வருடம் கூடை சுமந்தார் என்பதை நினைத்துப் பார்க்கட்டும். கடன் உண்மையிலேயே கழுத்தை நெரித்தால் அதையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள். அப்போது கொடுப்பனவோடு கூடிய பயிற்சியை முதலில் எடுத்து, பிறகு மேலே படிக்கும் வழியை யோசிக்கலாம். வாசலை முழுக்க மூடாமல் வைத்திருப்பதுதான் முக்கியம்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒன்று. அம்மா அப்பாவுக்கு இந்தப் பெயர்களெல்லாம் தெரியாமல் இருக்கலாம். இசட் புள்ளி, என்.வி.கியூ என்பதெல்லாம் அவர்கள் காலத்தில் இல்லை. இலவசக் கல்வி 1945இல் வந்தும் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். அந்த இழப்பைச் சுமந்துகொண்டுதான் அவர்கள் உங்களைச் சாதாரண தரம் வரை கொண்டு வந்திருக்கிறார்கள். தெரியாததைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். விண்ணப்பத்தை நீங்களே வாசித்துக் காட்டுங்கள். "உங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லாதீர்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இதே வாசிகசாலையில் நாங்கள் உட்கார்ந்திருப்போம். பெறுபேற்றுத் தாள், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, நீங்கள் எழுதிய கணக்குக் கொப்பி நான்கையும் எடுத்து வாருங்கள். ஒரு பிள்ளைக்கு அரை மணித்தியாலம் எடுத்தாலும் பரவாயில்லை. தாய் தகப்பனில் ஒருவராவது கூட வரவேண்டும். வேலை நாளாகிவிட்டால் பெரட்டு முடிந்து மாலையில் வாருங்கள், விளக்கை அணைக்காமல் காத்திருக்கிறோம்.